ஒற்றைக் கம்பிப் பதத்தில் ஒரு டிஃபரன்ஷியல்

தொண்ணூறுகளின் நடுவில், துபாயிலிருந்து லீவில் வந்த என் தம்பி இரண்டு ரிமோட் பந்தயக் கார்களை எடுத்துக் கூடத்தில் வைத்தான். ஒன்று அவன் ஓட்ட. மற்றது, சிவப்பு, அவனோடு போட்டிக்கு ஓட்டுகிறவருக்கு. இரண்டும் திரும்பத் துபாய் போகும் என்றான். நான் அப்போது முப்பது தாண்டிய கணக்கு டீச்சர். அந்தச் சிவப்புக் காரைப் பார்த்ததுமே எனக்கு வேண்டும் என்றாகிவிட்டது. வெட்கப்படாமல் கேட்டேன்.

"ஒரு தடவை என்னை ஜெயிச்சிரு. வச்சுக்க" என்றான்.

ஆற்றங்கரையில் மண் இறுகிக் கிடந்த ஒரு திடலில் மூன்று ஞாயிறு ஓட்டினோம். மூன்றிலும் தோற்றேன். நேர்ப்பாதையில் இரண்டும் ஒன்றுதான். வளைவு முடியும் இடத்தில் என் காரின் உள்பக்கப் பின்சக்கரம் மட்டும் சும்மா சுற்றி மண்ணை வாரும். அதற்குள் அவன் கார் போய்விடும்.

காரணத்தையும் அவனே பெருமையாகச் சொன்னான். பின்சக்கரங்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் என்று ஒரு பல்சக்கரப் பெட்டி. வளைவில் ஒரு சக்கரம் மெதுவாகவும் மற்றது வேகமாகவும் சுற்ற அதுதான் இடம் கொடுக்கிறது. உள்ளே ஊற்றும் எண்ணெய் நீர்த்துப்போனால் சக்தியெல்லாம் ஒரே சக்கரத்தில் வீணாகும். ரொம்பக் கெட்டியானால் இரண்டும் ஒட்டிக்கொண்டு சுற்றி, வண்டியின் வால் சறுக்கும். அவனிடம் எண் போட்ட குப்பிகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. என் காரில் ஊற்றியிருந்தது இருப்பதிலேயே நீர்த்தது.

"ஏலே, கெட்டியா ஒண்ணு தா."

"எந்த நம்பருன்னு சொல்லு, தாரேன்."

"நம்பர் எனக்கு எப்படித் தெரியும்? விரல்ல தொட்டுப் பாத்துச் சொல்லுதேன்."

"இது என்ன பாகா, அக்கா?" என்று சிரித்தான்.

எனக்குப் பொல்லாத கோபம். அந்தக் கோபத்தில்தான் யோசனையும் வந்தது.

நாலாவது ஞாயிறு காலை, முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்கு வைத்திருந்த சாத்தான்குளத்துக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுப் பாகு காய்ச்சினேன். இரு விரலுக்கு நடுவே ஒற்றைக் கம்பி இழுத்தது. மத்தியான வெயிலுக்கு இளகுமே என்று இன்னும் ஒரு கொதி விட்டேன். ஆறியதும், டிஃபரன்ஷியல் பெட்டியில் இருந்த எண்ணெயை வடித்துவிட்டு, பாகை ஊற்றி மூடினேன்.

அன்று வளைவுகளில் என் கார் மண்ணைக் கடித்துக்கொண்டு போனது. அரைச் சுற்று முன்னால் முடித்தேன். தம்பி ஓடி வந்து காரைக் கவிழ்த்தான், பெட்டியைக் கழற்றினான், மோந்தான், நக்கியும் பார்த்தான். பிறகு வெறுந்தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து என் கோபமும் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் காலை பாகு கல்லாகியிருந்தது. சக்கரம் அசையவில்லை. கார் முழுக்க எறும்பு. ஆசைப்பட்டு ஜெயித்ததை நானே கெடுத்துக்கொண்டேன் என்று, வளர்ந்த பொம்பளை, அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனேன்.

சாயங்காலம் வந்தபோது தம்பி ரயிலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். வெந்நீரில் அலசிய கார் மேஜைமேல் இருந்தது. சக்கரத்தைத் தட்டினேன், சுற்றியது. பக்கத்தில் அவனுடைய குப்பி டப்பா. எண்கள்மேல் காகிதம் ஒட்டி எழுதியிருந்தான்: இளம்பாகு, ஒற்றைக் கம்பி, இரட்டைக் கம்பி, உருண்டைப் பதம்.

டப்பா மூடியில் பெரிய எழுத்தில், "எறும்பு வராது."