கேமராவா, போனா: எங்கள் கவுண்டரில் நடந்தவை

போனையும் கேமராவையும் ஒரே கவுண்டரில் வைத்து விற்பது, இரண்டு மாமியாருக்கு ஒரே மருமகளாக இருப்பது மாதிரி. கடையில் நின்றே கால் வீங்கியவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கவுண்டரில்தான் நான் நிற்கிறேன். கோடை லீவு வந்துவிட்டால், "டூர் போறோம், எது வாங்கலாம்?" என்ற கேள்வியோடுதான் ஷட்டரே திறக்கும்.

சகலையின் கேமரா

இலுப்பூர் மளிகைக் கடைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். காசிக்குப் போகிறார்கள். அவருடைய சகலை போன வருஷம் பெரிய கேமராவோடு போய் வந்தாராம். அதைவிடப் பெரிசு வேண்டும் என்றார். உடனே பில் போட்டிருக்கலாம். ஆனால், "துணிப் பையவே நாந்தான் தூக்கணும்" என்று மனைவி முணுமுணுத்தது காதில் விழுந்தது. பெரிய லென்ஸோடு கேமராவை அவர் கழுத்தில் மாட்டி, "கடைக்குள்ளயே கொஞ்சம் நடந்து பாருங்கண்ணே" என்றேன்.

அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார். பிடரியைத் தடவினார். ஒரு நல்ல போனைக் கையில் கொடுத்து, மனைவியைப் படம் எடுக்கச் சொன்னேன். ஒரே தட்டில் முகம் பளிச்சென்று வந்தது. கேமராவைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"இத அவ்வளவு தூரம் சுமந்ததுக்கே சகலைக்குப் புண்ணியம் கெடைச்சிருக்கும். எனக்கு போனே போதும்."

மண்டபத்து இருட்டு

ஜெசிந்தா ஸ்கூல் டீச்சர். பழைய கோயில்களைத் தேடிப் போகிறவர். அவர் கேமரா கேட்க, "போன்ல இல்லாததா?" என்றார் கணவர். தகராறு வீட்டிலேயே தொடங்கியிருந்தது. டெமோ கேமராவைக் கொடுத்து, "குடுமியான்மலைக் கோயிலுக்குப் போயிட்டு வாங்க. ரெண்டுலயும் ஒரே இடத்த எடுங்க" என்று அனுப்பினேன்.

மறுநாள் வந்தார்கள். மண்டபத்துத் தூண் சிற்பம் ஒன்று. போன் படத்தில் மூலைமுடுக்கெல்லாம் வெளிச்சம். கேமரா படத்தில் பாதி முகம் இருட்டு, மூக்கு நுனியில் மட்டும் சாயங்கால வெயில். கணவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாங்க பார்த்த இருட்டையே காணோம். போனு உள்ள டியூப்லைட் மாட்டிருச்சு. கேமராவுக்கே பில் போடுங்க."

முதலாளியின் யானை

"கேமரா அலமாரிய எடுத்துட்டு போன் கவர் மாட்டிருவோம்மா" என்றார் எங்கள் முதலாளி. கேமரா தெரியும் என்றுதான் என்னை வேலைக்கு வைத்தார். அலமாரி போனால் நானும் போக வேண்டியதுதான். அந்த வாரம் அவர் குடும்பத்தோடு வால்பாறைக்குக் கிளம்பினார். வேண்டாம் என்றவரின் காரில், சார்ஜ் ஏற்றிய கேமரா ஒன்றை நானே வைத்தேன்.

வழியெல்லாம் அவர் போன்தான் வழி காட்டியது, பாட்டுப் பாடியது, வியாபாரமும் பேசியது. தேயிலைத் தோட்டத்துக்கு அப்பால் யானைகள் குட்டியோடு நின்றபோது அந்த போன் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. மனைவி போனில் யானை எறும்பு அளவு. அப்போதுதான் கேமராவை எடுத்திருக்கிறார். படத்தில் தாயின் கால்களுக்கு நடுவில், தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது குட்டி. இமை முடிகூடத் தெரிகிறது.

ஊர் திரும்பியதும் அதைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு, அலமாரிக்கு மேலே அவரே ஆணி அடித்து மாட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கிச் சொன்னார்:

"யானை இங்க நிக்கிறவரைக்கும் அலமாரியும் நிக்கும். நீங்களும் நில்லுங்கம்மா."

ஆக, ஜில்லாவையே டூருக்கு அனுப்பி ஜெயித்துவிட்டேன். எனக்குத்தான் இன்னும் லீவு கிடைக்கவில்லை.