காய்ந்த கிளை மட்டும்

பத்து வயதில் அப்பாவோடு பதினாறு நாள் பேசாமல் இருந்தேன். எல்லாம் ஒரு மாமரத்துக்காக.

பாலாநகரில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். வாசல் மாமரத்தில் புல்லுருவி பிடித்திருந்தது. ஆரஞ்சு நிறத்தில் குழல் குழலாகப் பூக்கும், பார்க்க அழகுதான். ஆனால் அது உட்கார்ந்த இடத்துக்கு அப்பால் கிளை பட்டுப்போகும். கிளையோடு வெட்டாவிட்டால் மரம் பிழைக்காது என்று பக்கத்து வீட்டுத் தெலுங்கு அத்தை அடித்துச் சொன்னார்.

அரிவாள் எடுத்தால் பத்து நிமிட வேலை. ஆனால் மரம் கம்பெனி சொத்து, விண்ணப்பம் போட வேண்டும். படிவத்தில் 'காய்ந்த கிளை', 'ஆபத்தான கிளை' என்று இரண்டே காரணங்கள். புல்லுருவிக்கு இடமில்லை. அந்தப் படிவத்தை அச்சடித்தவன் கையில் கிடைத்தால் இன்றும் சும்மா விடமாட்டேன். அப்பா முதலாவதில் டிக் போட்டார்.

ஒரு வருஷம் கழித்து ஆட்கள் வந்தார்கள். காய்ந்த கிளைகளை மட்டும் வெட்டிவிட்டு, செழித்துக் கிடந்த புல்லுருவியை அப்படியே விட்டார்கள். நான் கத்திக்கொண்டே ஓடினேன். மேஸ்திரி காகிதத்தைக் காட்டி அந்த ஊர் இந்தியில் சொன்னார்.

"சூக்கா இச் காட்னா போலே, பேட்டி. ஹரா நக்கோ."

காய்ந்ததை வெட்டத்தான் உத்தரவு, பச்சையில் கை வைக்கக் கூடாதாம்.

"வாயத் தொறந்து சொல்லுங்களேன், மரத்தையே சாகடிக்கிறாங்க!" என்றார் அம்மா.

அப்பாவோ வேலை திருப்திகரமாக முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "டர்போக்!" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினேன். பயந்தாங்கொள்ளி என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட இந்தி வார்த்தை. அடிப்பார் என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அடுத்த கோடையில் மரம் செத்தது.

அப்பா ஓய்வுபெற்ற அன்று, கூட வேலை பார்த்தவர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா தரப் பரிசோதகர். பழுதான சாமான்களைச் சரி என்று கையெழுத்துப் போட மறுத்ததற்காக அந்த வருஷம் முழுக்க அவர் மேல் விசாரணை நடந்திருக்கிறது. வீட்டில் மூச்சு விடவில்லை. வாசலில் அன்று தகராறு செய்திருந்தால் அதையே சாக்காக வைத்து எங்களைக் குவார்ட்டர்ஸை விட்டுக் கிளப்பியிருப்பார்கள். இதெல்லாம் பத்து வயதில் எனக்கு எங்கே புரிந்தது? எங்கள் அப்பாவுக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது என்று காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.