பச்சை லேபிளில் சிவப்புப் புள்ளி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் போய்ப் பக்கிரிசாமி வீடு எது என்று கேட்டால், "எந்தப் பக்கிரிசாமி, ரெக்கார்டு டாக்டரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். வாரத்தில் ஆறு நாள் சிக்னல் கம்பியோடும் கிரீஸோடும் மாரடிக்கிற பிட்டர் அவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துத் திருநீறு பூசி, வெளுத்த சட்டை போட்டு, முன்னறையில் பிளேயரைத் திறந்து வைத்து உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு. அடேயப்பா, ஐகோர்ட்டு ஜட்ஜுகூட அவ்வளவு விறைப்பாக உட்கார மாட்டார்.

அவனைப் பிடித்த பைத்தியத்துக்குச் சோல் பாட்டு என்று பெயர். அமெரிக்கக் கறுப்பின மக்கள், தேவாலயத்தில் பாடிப் பாடி உரமேறிய குரலில் காதலையும் கண்ணீரையும் பாடுவது. இளவட்டமாக இருந்தபோது கிள்ளான் துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில், ஒரு கப்பல்காரன் போட்ட இசைத்தட்டைக் கேட்டான். கேட்டவன் கேட்டவன்தான், மீளவே இல்லை. பாட்டில் பாதி வார்த்தை புரியாது. "அழறதுக்கு எதுக்குலா டிக்‌ஷனரி?" என்பான்.

அந்தத் தட்டுகள் கப்பலில்தான் வரும். வந்த ஒன்றை வைத்து இங்கே திருட்டுத்தனமாக நூறு அடித்துப் பாசார் கடைகளில் விற்றுவிடுவார்கள். எது அசல், எது காப்பி என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? அதற்குத்தான் டாக்டர். தட்டை மோந்து பார்ப்பான். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பான். லேபிளைச் சுற்றிப் பாட்டு இல்லாத வழவழப்பான வளையம் ஒன்று உண்டு; அதில் பொறித்திருக்கும் எண்களை வெயிலில் சாய்த்துப் பார்ப்பான். கடைசியில் வாயைத் திறந்து "ஒரிஜினல்" என்பான், இல்லாவிட்டால் "காப்பி" என்பான். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

இத்தனை ஞானமும் அவனுக்கு எங்கிருந்து வந்தது? ஒரே ஒரு தட்டிலிருந்து வந்தது. 1974இல் கல்யாண நிச்சயத்தின்போது மைத்துனன் இராமலிங்கம் வெற்றிலை பாக்கோடு சேர்த்து நீட்டிய பச்சை லேபிள் ரெக்கார்டு அது. "மாப்பிள்ள, அமெரிக்கக் கப்பல்ல வந்தது லா. நேரா டெட்ராய்ட்டு சரக்கு" என்றான். டெட்ராய்ட்டில் ஒரு சின்னக் கம்பெனி கொஞ்சமே அடித்து, அடித்த கையோடு திவாலாகிவிட்டதால் அது கிடைத்தற்கரிய தட்டு என்று பிற்பாடு ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பார்த்தபோது பக்கிரிசாமிக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து பெண்டாட்டி சீதாலெட்சுமியைவிட அந்தத் தட்டைத்தான் பத்திரமாக வைத்துக்கொண்டான். அவள் அதைத் தொடக்கூடாது, துடைக்கக்கூடாது. "நான் ஏன் தொடறேன், எனக்கு வேற வேல இல்லியா?" என்று அவளும் அடுப்படியோடு இருந்துவிட்டாள்.

அந்தத் தட்டுதான் அவனுக்கு உரைகல். அதன் வளையத்தில் எண்கள் ஆணியால் கீறியதுபோல் கோணல்மாணலாக இருக்கும். "இன்ஜினியர் கையெழுத்துடா அது" என்றான். பாட்டுத் தொடங்குமுன் டக், டக், டக் என்று மூன்று சத்தம் வரும். "டிரம்ஸ்காரன் குச்சியத் தட்டி ரெடி சொல்றான்" என்றான். லேபிளில் நடு ஓட்டைக்குப் பக்கத்தில் மிளகளவு ஒரு சிவப்புப் புள்ளி, அதைச் சுற்றி லேசான மஞ்சள் கசிவு. "இதான் கம்பெனியோட ரகசிய முத்திர. காப்பி அடிக்கிறவனுக்கு இது எங்க தெரியப் போவுது?" என்றான். வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டார்கள்.

1979இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயராஜ் வந்தான். சுங்கை வே ஊர்க்காரன், கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட். வாராவாரம் வந்து மூலையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறவன், அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கையில் ஒரு தட்டோடு வந்தான். துண்டில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்திருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"வார்டுல ஒரு அமெரிக்கக் கப்பக்காரன் கெடக்குறான், பக்கிரி. நெஞ்சு கெட்டுப் போச்சு, பொழைக்க மாட்டான். கப்பல் அவன எறக்கி உட்டுட்டுப் போயிடுச்சு. சொந்தம்னு ஒரு ஆள் இல்ல. எந்நேரமும் என் கையத்தான் புடிச்சிக்கிட்டுக் கெடப்பான். நேத்து இதக் குடுத்து, பாடுறது என் தங்கச்சி, நீ கேளு, கேட்டுட்டு வந்து எப்படிப் பாடுறாள்னு சொல்லுன்னான்."

துண்டை விரித்தால் பச்சை லேபிள்! அறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பக்கிரிசாமி பீரோவைத் திறந்து தன் தட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தான். இரண்டும் அதே பாட்டுத்தான். ஆனால் ஜெயராஜின் தட்டில் எண்கள் மிஷினில் குத்தியதுபோல் நேராக இருந்தன. ஓடவிட்டால் மூன்று டக் வரவில்லை. லேபிள் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. சிவப்புப் புள்ளி இல்லை.

பக்கிரிசாமிக்கு ஒரு நிமிஷம் உள்ளே என்னவோ செய்தது. அந்தப் பெண் பாடுவதற்கு முன் மூச்சை இழுக்கிற சத்தம் இதில் கேட்டது. தன்னுடைய தட்டில் அவன் அதைக் கேட்டதே இல்லை. ஆனால் பெரிய டாக்டராயிற்றே, நெஞ்சு சொல்வதையெல்லாம் கேட்டு நடந்தால் பேர் என்ன ஆவது? முத்திரை இல்லையே!

"காப்பி" என்றான்.

ஜெயராஜின் சிரிப்பு அப்படியே நின்றது. "நல்லாப் பாரு பக்கிரி. சாகக் கெடக்குறவன் லா. அவன் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"சாகக் கெடக்குறவன் சொல்லுவான், தட்டு சொல்லாது. தங்கச்சியாவது, அக்காவாவது! போர்ட்டுல ஏதோ கடையில வாங்குனத உன் தலையில கட்டிட்டான். நீயும் காதக் குத்தச் சொல்லிக் காட்டிக்கிட்டு நிக்கிற."

அறையே கொல்லென்று சிரித்தது. ஜெயராஜ் தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு செருப்பை மாட்டினான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே வரவில்லை. "உள்ளதச் சொன்னா ஒடம்பெல்லாம் எரியும்" என்று பக்கிரிசாமி இரண்டு வாரம் முனகிவிட்டு மறந்தும் போனான்.

ஒன்பது வருஷம் ஓடியது. ஊரெல்லாம் கேசட்டுக்கு மாறியும் டாக்டரின் தர்பார் மட்டும் கலையவில்லை. 1988இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்துக்காரர் ஒருவர், பழைய சோல் தட்டுகளைத் தேடி நாடு நாடாக அலைகிறவர், பாசார் கடைக்காரன் சொல்லி வீட்டுக்கே வந்துவிட்டார். பக்கிரிசாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலு பேரைக் கூட்டி உட்கார வைத்து, பச்சை லேபிளை எடுத்து வெள்ளைக்காரர் கையில் கொடுத்தான்.

அவர் அதை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். ஓடவிடச் சொன்னார். டக், டக், டக் என்றதும் தலையை ஆட்டிச் சிரித்தார். "மன்னிக்க வேண்டும் நண்பரே. இது காப்பி" என்றார்.

பக்கிரிசாமி தன் ரயில்வே இங்கிலீஷை எல்லாம் திரட்டிக்கொண்டு சண்டைக்குப் போனான். டிரம்ஸ்காரன் குச்சி தட்டுவது கேட்கவில்லையா? அவர் பொறுமையாகச் சொன்னார்: "கீறல் விழுந்த ஓர் அசலை ஓடவிட்டு, அதிலிருந்து இதைப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கீறலின் சத்தம்தான் இது. உங்கள் தட்டைத் தடவிப் பாருங்கள், அந்த இடத்தில் கீறலே இருக்காது."

தடவினான். விரலுக்கு ஒன்றுமே தட்டவில்லை, கண்ணாடிபோல் வழுவழுவென்று இருந்தது. பதினாலு வருஷமாக வைத்துப் பூஜித்தும் அந்த இடத்தை ஒருநாளும் தடவிப் பார்த்ததில்லை.

"அப்ப இது?" என்று கடைசிப் பிடியாக அந்தச் சிவப்புப் புள்ளியில் விரலை வைத்தான். வெள்ளைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். அதுதான் தனக்கும் புரியவில்லை, இப்படி ஒன்றை எங்கேயும் பார்த்ததில்லை என்றார்.

அந்த நேரம் பார்த்துச் சீதாலெட்சுமி தேத்தண்ணி கொண்டு வந்தாள். தட்டத்தை மேசையில் வைக்கக் குனிந்தவள் புருஷன் விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"ஐயையோ! இது நான் வெச்ச குங்குமம்ல!"

பக்கிரிசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடி உளர்ற?"

"கல்யாணத்துக்கு முன்ன கிள்ளான்ல பிளாஸ்டிக் பேக்டரியில வேல பாத்தேன்ல, அங்க பின்னாடி கொட்டாயில மொதலாளி தவுக்கே களவா ரெக்கார்டும் அடிச்சாருங்க. ஆயுத பூசைக்கு எல்லா மெஷினுக்கும் நான்தான் சந்தனம், குங்குமம் வெச்சேன். தொடைக்க மறந்துட்டேன். மறுநா மொத தட்டு சூடா அமுங்கி வந்துச்சு பாருங்க, லேபிள்ல பொட்டோட! விக்காது, தூக்கிப் போடுன்னு தவுக்கே கத்துனாரு. சாமிக்கு வெச்ச பொட்டாச்சே, குப்பையில போட மனசு வரல. வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்."

"உங்கண்ணன் கப்பல்ல வந்ததுன்னு சொன்னானே!"

"உங்களுக்கு ரெக்கார்டு பைத்தியம்னு தெரிஞ்சு அவரு அளந்து உட்டாரு. சபையில பொண்ணு நான் வாயத் தொறக்க முடியுங்களா?"

"பதினாலு வருசமா முத்திர முத்திரன்னு கத்துறேனே, காதுல உழலியா?"

"நீங்க ரெக்கார்டப் பத்திப் பேசுனா நான் எப்பங்க காது குடுத்திருக்கேன்?" என்றாள் அவள். அவள் முகமும் வெளிறிப் போயிருந்தது.

உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் இதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல, வெள்ளைக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பக்கிரிசாமிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மண்டைக்குள் வேறொன்று எழுந்து நின்றது. அவரிடம் கேட்டான்: அசல் தட்டு எப்படி இருக்கும்?

"எண்கள் மிஷினில் குத்தியதுபோல் நேராக இருக்கும்" என்றார் அவர். "அப்புறம், பாடுமுன் அவள் மூச்சை இழுப்பது கேட்கும்."

பக்கிரிசாமி பேயறைந்தவன்போல் எழுந்தான். தட்டை உறையில் போட்டுச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, வந்த விருந்தாளியை அப்படியே உட்கார விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

சுங்கை வேயில் ஜெயராஜ் கதவைத் திறந்தபோது அவன் தலை பாதி நரைத்திருந்தது. ஒன்பது வருஷத்துக் கோபம் எதையும் காட்டாமல், "வா பக்கிரி, உக்காரு" என்றான். பக்கிரிசாமி உட்காரவில்லை. அவன் கண் ஐஸ்பெட்டிமேல் போய் நின்றுவிட்டது.

அங்கே ஒரு சின்னக் கறுப்புக் கிண்ணம் இருந்தது. விளிம்பு பூவிதழ்போல் வளைந்திருந்தது. பழைய தட்டுகளை வெந்நீரில் போட்டு இளக்கி இப்படிக் கிண்ணம் செய்து வைப்பது அப்போது பல வீடுகளில் உண்டு. உள்ளே சாவிக்கொத்தும் துணிமாட்டும் கிளிப்புகளும் கிடந்தன. அவற்றுக்கு அடியில் பச்சை லேபிள் தெரிந்தது.

"வீட்டுக்காரி கேட்டா. காப்பிதானன்னு குடுத்துட்டேன்" என்றான் ஜெயராஜ்.

பக்கிரிசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். பேக்டரி, குங்குமம், வெள்ளைக்காரர், நேரான எண்கள், ஒன்றையும் விடவில்லை. "உன்னோடதுதான்டா ஒரிஜினல். என்னோடதுதான் காப்பி. சபையில வெச்சு உன்னய அசிங்கப்படுத்திட்டேன். அந்தத் தட்டையும் அழிச்சிட்டேன். என்னய என்ன வேணாலும் செய்" என்றான்.

ஜெயராஜ் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. பக்கிரிசாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அவன் பொய் சொல்லலியா?"

பக்கிரிசாமிக்கு முதலில் புரியவில்லை. தட்டை நினைத்தே ஓடி வந்தவனுக்கு அந்த மனுஷன் நினைவே வந்திருக்கவில்லை.

"மறுநா டூட்டிக்குப் போனேன்" என்றான் ஜெயராஜ். "என்னப் பாத்ததும் கைய நீட்டுனான். கேட்டியா, கேட்டியான்னு கேட்டான். என்னய ஏமாத்துன பயன்னு எனக்கு ஆத்திரம். மூஞ்சத் திருப்பிக்கிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டேன். அந்த வாரம் பூராக் கூப்புட்டான், பக்கிரி. தண்ணி குடுக்கக்கூட வேற ஆளத்தான் அனுப்புனேன். அப்புறம் ஒருநா போனா கட்டில் காலியா இருந்துச்சு."

பக்கிரிசாமி ஒரு வார்த்தைதானே சொன்னான், "காப்பி" என்று. அந்த ஒரு வார்த்தையில், ஊர் தெரியாத ஊரில் ஒரு மனுஷன் பிடித்துக்கொள்ளக் கை இல்லாமல் செத்திருக்கிறான். பக்கிரிசாமிக்கு அழுகை வந்தும் அழ வெட்கமாக இருந்தது. வாசல் பக்கம் திரும்பினான்.

"எங்க போற? உன் தட்டு சட்டைக்குள்ளதான இருக்கு? போடு" என்றான் ஜெயராஜ்.

கேசட் வந்தபின் மூலைக்குப் போய்விட்ட பழைய பிளேயரை இழுத்துத் தூசி தட்டினார்கள். பக்கிரிசாமி முள்ளை வைத்தான். டக், டக், டக். பிறகு அந்தக் குரல் வந்தது. ஜெயராஜ் கிண்ணத்திலிருந்து சாவியையும் கிளிப்புகளையும் எடுத்துக் கீழே வைத்தான். உள்பக்கத்தைக் கைலி முனையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். பாட்டு முடிந்ததும் பக்கிரிசாமி முள்ளைத் தூக்கினான்.

"அவன் தங்கச்சி நல்லாத்தான் பாடுறா" என்றான் ஜெயராஜ். "இத மட்டும் அன்னிக்கி அவங்கிட்டப் போயி சொல்லியிருந்தாப் போதும் லா."