பத்து நிமிஷம் நின்றால் கிளம்பாத கார்

அந்தப் பட்டறைக்காரரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கடைசியில் மனம் மாறிவிடுவேன் என்று எதிர்பார்த்து யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம் மலாக்காவில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். காரும் பெர்மிட்டும் காஜா பேராங்கில் இருந்த ஒரு சிட்டி வீட்டுப் பெரியவருடையவை; சிட்டிகள் தமிழை மறந்து மலாய் பேசும் பழைய தமிழ் வம்சம். எஞ்சின் புகை தள்ள ஆரம்பித்ததும், அதே சாலையில் பட்டறை வைத்திருந்த நம் ஆளிடம் கொடுத்து முழுக்கப் பிரித்துக் கட்டினோம். திரும்பி வந்த வண்டி காலையில் ஒரே இழுப்பில் கிளம்பும். ஓடும்போதும் ஒரு குறை இல்லை. ஆனால் சூடாக ஓடி வந்து நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட்டரை இழுத்தால் பிணம்தான். ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

எங்கள் ஸ்டாண்டில், வரிசையில் முதலாவதாக நிற்கும் காரில்தான் ஆள் ஏற வேண்டும். ஏறியும் கார் கிளம்பாவிட்டால் டிரைவர் வாயை மூடிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். நான் தினமும் கடைசிக்குப் போனேன், அதுவும் தள்ளிக்கொண்டு. "தள்ளுவண்டி வருது, வழி விடு லா" என்று சிரிப்பார்கள்.

பட்டறைக்காரரிடம் மூன்று முறை போய்ச் சொன்னேன். மூன்றாம் முறை அவர் ஜாலான் பெண்டஹாரா தெருக் கோப்பிக் கடையில், அத்தனை பேர் நடுவில், என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல லா. ஓட்டுறவன்கிட்டதான் கோளாறு!"

கடையே சிரித்தது. அது பெரியவர் காதுக்கும் போய்விட்டது. அவருக்குத் தமிழ் வராது. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேறு டிரைவர் பார்ப்பதாக மலாயில் மெதுவாகச் சொன்னார். எனக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம்.

பிறகு நானே பார்க்க ஆரம்பித்தேன். வண்டி சூட்டில் மறுத்த நேரத்தில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பொறி நன்றாக அடித்தது. ஆனால் பிளக் நனைந்திருந்தது, பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. கார்புரேட்டர்மேல் ஈரத்துணி போட்டால் சீக்கிரம் கிளம்பியது. ஆக, எஞ்சின் சூட்டில் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்து வழிகிறது. ஏன் கொதிக்க வேண்டும்? கார்புரேட்டரைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டும் நட்டுக்கு மேலே வெகுவாக நீட்டிக்கொண்டிருந்தன. நட்டுக்கு அடியில் மூன்று மூன்று வாஷர் வேறு. அவ்வளவு நீளத்துக்கு அங்கே ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். ஸ்டாண்டில் இதே மாதிரி இன்னொரு கார் இருந்தது. அதைத் திறந்து பார்த்தேன். கார்புரேட்டருக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு கறுப்புக் கட்டை, சூடு மேலே ஏறாமலிருக்க. என்னுடையதில் சிகரெட் அட்டையில் வெட்டிய வெறும் தாள்! பிரித்த இடத்தில் கட்டையைத் தொலைத்துவிட்டுத்தான் என் கையைக் குறை சொல்லியிருக்கிறார்.

தெங்கேராவில் பழைய இரும்புக் கடையில் அந்தக் கட்டை கிடைத்தது. அன்றே மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. கைக்குட்டையில் சுற்றிக் காரிலேயே வைத்துக்கொண்டேன். கோப்பிக் கடையில், அவர் முகத்துக்கு நேரே அதை நீட்ட வேண்டும் என்று எனக்கு வெறி.

இரண்டாம் நாள் அவரே ஸ்டாண்டுக்கு வந்தார், பட்டுச் சட்டையும் வேட்டியுமாக. செமாபோக்கில் அவருடைய தங்கை மகள் கல்யாணம். அவருடைய கார் மாப்பிள்ளையை அழைக்கப் போய்விட்டதாம். வரிசையில் முதலாவதாக நின்றது நான். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறினார். வெகு நேரம் நின்று ஆறியிருந்ததால் வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. அவர் வீட்டுக்குப் போய், மனைவியையும் தாய்மாமன் சீர்த் தட்டுகளையும் ஏற்றிக்கொண்டோம். மாலை வாங்க ஜாலான் பெண்டஹாரா பூக்கடையில் நிறுத்தச் சொன்னார். கோப்பிக் கடை அதற்கு நேர் எதிரே.

வழக்கமாக இப்படி நிற்கும்போது எஞ்சினை ஓடவிட்டுத்தான் காத்திருப்பேன். அன்று அணைத்தேன்.

மாலை கட்டி வாங்கி வரப் பத்து நிமிஷம் ஆனது. ஸ்டார்ட்டரை இழுத்தேன். பிணம்.

"என்ன தம்பி, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு!"

"ஓட்டுறவன்கிட்ட கோளாறுண்ணே."

இறங்கி பானட்டைத் தூக்கினார். நான் கைக்குட்டையைப் பிரித்தேன். கட்டையைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. ஸ்டாண்டுக்கு நடந்துபோய் வேறு டாக்சி கொண்டுவர நேரமில்லை என்று அவருக்குத் தெரியும்.

"கொடு தம்பி."

"அன்னைக்கு இங்கதானே சொன்னீங்க. இன்னைக்கும் சொல்லுங்க."

"என் தப்புதான்," என்று முணுமுணுத்தார்.

"சத்தமாண்ணே. அன்னைக்குச் சொன்ன மாதிரி."

கோப்பிக் கடையில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் பார்த்தார்கள். "கோளாறு என் வேலையிலதான்! ஓட்டுறவன்கிட்ட இல்ல!" என்று கத்தினார். என் உடம்பெல்லாம் குளிர்ந்தது. கட்டையைக் கொடுத்தேன். ஸ்பானரையும் கொடுத்தேன். பட்டுச் சட்டையோடு அவர்தான் மாட்டினார். நான் கைகட்டி நின்றேன்.

செமாபோக்கில் தெருவுக்குள் திரும்பும்போதே கெட்டிமேளம் கேட்டது. தாய்மாமன் இல்லாமலே தாலி ஏறிவிட்டது. அவர் மாலையோடு ஓடினார். சட்டைக் கை முழுக்கக் கரி. அவர் மனைவி தட்டுகளை இறக்கிக்கொண்டே, "இன்னைக்குத்தான் நாள் பாத்தியா தம்பி?" என்றார். அந்த அம்மாவிடம் மட்டும் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் நான் கிளம்பவில்லை. கல்யாண வீட்டு வாசலிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மேளம் நின்றது. உள்ளே அவருடைய தங்கை அவரைக் கேட்ட கேள்வி தெரு வரைக்கும் கேட்டது. பத்து நிமிஷம் முழுசாகப் போகட்டும் என்று பொறுத்திருந்து, ஸ்டார்ட்டரை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே கிளம்பியது.