மேலும் ஒரு பெண்

எங்கள் அத்தை செத்த செய்தி பேப்பரில் மூன்று சொல்லாக வந்தது. மேலும் ஒரு பெண். அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் இன்னொருத்தியைப் பற்றியது.

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டபிறகு நான் இருந்த ஊர்களைச் சொன்னால் பஸ் ஸ்டாண்டு போர்டு மாதிரி இருக்கும். திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன், ஓசூரில் டப்பா அடுக்கினேன், கோயம்புத்தூரில் படுத்த படுக்கையாக இருந்தவர்களைக் குளிப்பாட்டினேன். எந்த ஊரில் பேப்பர் கைக்கு வந்தாலும் விபத்துச் செய்தியைக் கடைசி வரியிலிருந்துதான் படிப்பேன். 'உள்பட நான்கு பேர்' என்று முடித்திருப்பார்கள். மற்ற மூன்று பேருக்குப் பெயர் வைக்காமலா இருந்தார்கள் என்று எரிச்சலாக வரும். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. பாண்டிச்சேரி ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் எங்கள் வீடு. முன் அறையில் நாங்கள், பின் அறையில் அத்தையும் மாமாவும். அத்தை அப்பாவின் தங்கை. லாஸ்பேட்டையில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் காய் நறுக்கும் வேலை. மாமா லாரி ஓட்டுபவர், மாதத்தில் இருபது நாள் ரோட்டில்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கொஞ்சவும் அதட்டவும் அத்தைக்கு நான்தான் இருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அத்தை ஏறிப்போன டெம்போவைத் தண்ணீர் லாரி இடித்தது. டெம்போ என்பது எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினான்கு பேரை அடைத்துக்கொண்டு போகும் எங்கள் ஊர் வண்டி. இரண்டு பேர் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். ஒருத்தி அத்தை. இன்னொருத்தி காலேஜில் படிக்கும் பெண், அரசாங்கத்தில் பெரிய அதிகாரி ஒருவரின் மகள். தினமும் ஸ்கூட்டரில் போகிறவள், அன்றைக்கு வண்டி ரிப்பேர் என்று டெம்போவில் ஏறியிருக்கிறாள்.

அழுது முடிப்பதற்குள் எங்கள் வீட்டில் ஒரு கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. மாமாவுக்கு எப்படிச் சொல்வது? எங்கள் சந்தில் யாரிடமும் செல்போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் முனையில் இருந்த மளிகைக்கடைக்கு மாமா போன் போடுவார். லாரி ஆபீசில் கேட்டதற்கு, ஓசூரில் லோடு இறக்கிவிட்டார், அங்கிருந்து எங்கே ஏற்றினார் என்று தெரியாது என்றார்கள். ஞாயிறு வரை உடம்பு தாங்காது. புருஷன் வந்து முகம் பார்க்காமல் சவப்பெட்டியை மூடுவதா என்று அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மாதான் வழி சொன்னாள். மாமா எந்த ஊரில் இருந்தாலும் காலையில் டீக்கடையில் பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பேப்பரில் அத்தை படம் வந்தால் போதும், எங்கிருந்தாலும் வந்துவிடுவார்.

புதன்கிழமை பேப்பர் வந்தது. முதல் பக்கத்திலேயே அந்தப் பெண்ணின் படம். தோளில் முன்னால் எடுத்துப் போட்ட பின்னல், ஜிமிக்கி, சிரித்தால் குழி விழும் கன்னம். அவள் பாடுவாள், கோலப்போட்டியில் பரிசு வாங்கினாள், பூனை வளர்த்தாள் என்று கால் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். பூனையின் பெயர்கூட இருந்தது. கடைசி வரியில், இதே விபத்தில் மேலும் ஒரு பெண்ணும் உயிரிழந்தார்.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் அந்தப் பேப்பர் கை மாறி மாறிப் போனது. அத்தைக்காக வந்த பெண்கள் அந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்து அழுதார்கள். மூக்கும் முழியுமா எப்படி இருக்குது பாரேன் என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அப்பா பேப்பர் ஆபீசுக்குக் கிளம்பினார். கொடுப்பதற்கு அத்தையின் படம் வேண்டுமே. கல்யாண ஆல்பம் மழையில் நனைந்து பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. ரேஷன் கார்டு படத்தில் அத்தை கண்ணை மூடியிருந்தாள். சரியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். எங்களைப் போன்ற வேதக்காரர்கள் வீட்டுச் சுவரிலெல்லாம் மாட்டியிருக்கும், கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கிய அன்று எடுத்த புதுநன்மைப் படம். பத்து வயது அத்தை, வெள்ளை கவுன், தலையில் பூ முடி, கையில் மெழுகுவத்தி. வீட்டில் இருக்கும் நாளெல்லாம் மாமா அதைப் பார்த்துக்கொண்டுதான் சட்டை மாட்டுவார். பெயரைத் தப்பாகப் போட்டாலும் அந்தப் படத்தை மாமா கண்டுபிடித்துவிடுவார் என்று அம்மா ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அந்தச் சட்டத்தை மார்போடு பிடித்துக்கொண்டு போனது நான். ஆபீசில் இருந்தவர் முதலில் தலையைக்கூடத் தூக்கவில்லை. கண்ணீர் அஞ்சலி என்றால் விளம்பரப் பிரிவுக்குப் போங்கள், அது பாண்டிச்சேரிக்குள் மட்டும்தான் வரும் என்றார். அப்பா விபத்து என்றார். அவர் பேனாவை மூடினார். நான் படத்தைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் எழுந்தே விட்டார்.

"குழந்தையா? ஏங்க, இத நேத்தே சொல்ல வேணாமா? குழந்தைன்னா எல்லா எடிஷன்லயும் போயிடுமே."

அப்பா வாயைத் திறந்தார். 'எல்லா எடிஷன்' என்றது காதில் விழுந்ததும் மூடிக்கொண்டார். பொய் என்று எதுவும் சொல்லவில்லை. பெயரைக் கேட்டார்கள், சொன்னார். வீடு எங்கே என்று கேட்டார்கள், சொன்னார். வயதை அவர்கள் கேட்கவில்லை. படத்தைக் காப்பி எடுத்துக்கொண்டு சட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதை மார்போடு பிடித்துக்கொண்டே திரும்பி வந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அத்தையும் அந்தப் பெண் மாதிரி முதல் பக்கத்தில் வரப்போகிறாள்.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அத்தை வந்தாள். ஐஸ் கட்டி வைத்துப் படுக்க வைத்தார்கள். சாயங்காலம் நிருபர் ஒருவரும் கேமராக்காரர் ஒருவரும் பைக்கில் வந்தார்கள். நிருபர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், அதைச் சொல்ல வேண்டும். பாயைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், அறையைச் சுற்றிப் பார்த்தார். குழந்தை எங்கே என்றார்.

அவருக்கே புரிந்துவிட்டது.

"விளையாடுறீங்களா? போட்டோவ மாத்திக் குடுத்து, நாங்க பேஜ்ல இடமெல்லாம் விட்டு வச்சிட்டு வந்திருக்கோம்."

அம்மா எழுந்து நின்றாள். வெளி ஆண்களிடம் அம்மா நிமிர்ந்து பேசி நான் அதுவரை பார்த்ததில்லை.

"மாத்தல சார். அதுவும் இவதான். இவளும் ஒரு காலத்துல குழந்தையாத்தான் இருந்தா."

நிருபர் கெட்ட மனிதர் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். சோடா வாங்கிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு, முப்பத்தாறு வயது, சமையல் வேலை, மேலே இருப்பவர்கள் போடமாட்டார்கள் என்று விளக்கினார். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. டெம்போவில் அத்தை அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலா உட்கார்ந்திருந்தாள்? லாரி வருவதைப் பார்த்து அவளைப் பிடித்து இழுத்தாளா, கையை நீட்டினாளா?

"அந்தப் பொண்ணக் காப்பாத்தப் போயி இவங்களும் இறந்தாங்கன்னா நாலு வரி போடலாம். போட்டோவும் வச்சிடலாம்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். மாமா வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுவார். காலையில் வாயை மூடிக்கொண்டிருந்தவர் இப்போதும் மூடிக்கொண்டிருந்தால்கூடப் போதும், அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

"இல்ல சார்," என்றார் அப்பா. "அவ பாட்டுக்குக் கம்பியப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்திருப்பா. வேலைக்குப் போயிக்கிட்டிருந்தா. அவ்ளோதான்."

பைக் போய்விட்டது. எனக்கு அப்பாமேல் அப்படிக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான், மூலையில் கிடந்த பேப்பரை எடுத்து அந்தப் பெண்ணின் படத்தைக் கத்தரித்து, கோயில் ஞானோபதேச வகுப்புக்கான என் நோட்டில் மாதா படத்துக்கு எதிர்ப் பக்கத்தில் சோற்றுப்பருக்கை வைத்து ஒட்டிக்கொண்டேன். பக்கத்தில் பென்சிலால் ஒரு பூவும் போட்டேன்.

வியாழக்கிழமை பேப்பரில், அமைச்சர் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொன்ன படம் வந்தது. பூனை படமும் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் கோயிலில் துக்கமணி அடித்து அத்தையை அடக்கம் செய்தோம். மாமா போட வேண்டிய முதல் பிடி மண்ணை அப்பா போட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மாமா வந்தார். பந்தலை முந்தினநாளே பிரித்துவிட்டிருந்தார்கள். அம்மா குழாயடியில், அப்பா கல்லறையில் சிலுவை நடப் போயிருந்தார். வாசற்படியில் நான் மட்டும். மாமா பையை இறக்கி வைத்துவிட்டு, அத்த வேலைக்குப் போயிடுச்சா என்றார். பதிலுக்குக் காத்திராமல் பையிலிருந்து நாலாக மடித்த பேப்பரை எடுத்தார்.

"பாத்தியா பாப்பா, நம்ம ரோடுதான். சேலத்துல டீ குடிக்கிறப்ப பாத்தேன், மனசே சரியில்ல. உங்க அத்தைக்குக் காட்டத்தான் எடுத்தாந்தேன். டெம்போல ஓரமா உக்காராதன்னு எத்தினி வாட்டி சொல்றது அவளுக்கு."

என்னிடமும் இருக்கிறது மாமா என்று ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். மாமா இரண்டு பக்கத்தையும் பார்த்தார். மாதா மாதிரியே இருக்குது பாவம் என்றார். நாங்கள் இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தோம்.

"அத்தயும் அந்த டெம்போலதான் மாமா," என்றேன்.

மாமா என் முகத்தைப் பார்த்தார். உள்ளே திரும்பிப் பின் அறையைப் பார்த்தார். ஆணியில் திரும்ப மாட்டிய புதுநன்மைப் படத்தில் மாலை தொங்கியது. பிறகு பேப்பரை முட்டிமேல் விரித்து, மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். பாட்டு, கோலம், பூனை எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி வரியில் விரல் நின்றது. அந்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தார். மை விரலில் ஒட்டியது.

அம்மா குடத்தோடு வந்தாள். மாமாவைப் பார்த்தாள், என் மடியில் திறந்து கிடந்த நோட்டைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கசக்கிச் சாக்கடையில் எறிந்தாள். நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. ஓவென்று அழுதேன். அத்தை செத்ததிலிருந்து அப்படி நான் அழுததில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். அத்தை வளர்த்த பிள்ளை அல்லவா என்றார்கள். மாமாவும் அப்படித்தான் நினைத்தார், மை ஒட்டிய கையை என் தலையில் வைத்தார்.

நான் அழுதது அந்தப் படத்துக்காக.