ஒட்டிப்போன பக்கங்களும் ஒரு கிழட்டு மாலுமியும்

உப்பு விக்கப் போனால் மழை, மா விக்கப் போனால் காத்து எண்டுவினம். மேசை விளையாட்டுக் கடைக்காரனுக்கு இரண்டும் ஒரே நாளில வரும். பழைய பதிப்பை விட ஏலாமல் கட்டிப்பிடிச்சுக்கொண்டிருக்கிற சகபாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன்.

மூண்டு பதிப்புப் பழசு

என்ர கடை திருகோணமலையில, உட்துறைமுகத்துக்குக் கிட்ட. பாய்க்கப்பலில வந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் போகேக்க ஒரு விதிப்புத்தகத்தை என்னட்ட வித்திட்டுப் போனவர். ஆளுக்கொரு பாத்திரமாகி, தாயக்கட்டை உருட்டி, கதைச்சே விளையாடுற விளையாட்டு. கதையை நடத்துறது நான். கச்சேரியில, அரசாங்கக் கந்தோரில, வேலை செய்யிற சுகந்தியும், கிண்ணியாவில படகு எஞ்சின் திருத்துற நிசாமும் எட்டு வருசமாச் சனிக்கிழமை பின்நேரம் தவறாமல் வருவினம்.

ஒருநாள் கொழும்பில இருந்து ஒரு பொடியன் வந்தான். புத்தகத்தைப் புரட்டினான், கதிரையில இருக்கவும் இல்லை.

"அண்ணை, இது மூண்டு பதிப்புப் பழசு. இதை இன்னும் ஆரும் விளையாடுகினமா?"

ஒட்டின பக்கங்கள்

ஒரு கார்த்திகை மழைக்குக் கூரை ஒழுகி, பாத்திரம் சாகிறதைப் பற்றின பக்கங்கள் ஒட்டிப்போச்சுது. பிரிச்சால் கிழியும். அதால நாங்களே ஒரு விதி வைச்சம்: ஒருத்தன் விழுந்தால், மற்றவை தங்கட உயிர்ப்புள்ளியில ஒவ்வொண்டு குடுத்து எழுப்ப வேணும். நிசாமின்ர பாத்திரம் ஒரு கிழட்டு மாலுமி. அவனை எத்தனை தரம் எழுப்பியிருப்பம் எண்டு கடவுளுக்குத்தான் தெரியும். இப்பிடி ஒரு விதி எந்தப் பதிப்பிலயும் இல்லையெண்டு சுகந்தியின்ர மச்சான் சண்டைக்கு வந்தார். சுகந்தி நிமிர்ந்தும் பாக்கேல்லை.

"இல்லாட்டி என்ன, எங்கட ஆள் உயிரோட இருக்கிறாரெல்லோ?"

புதுசு

பிழை என்ரதான். புது ஆக்கள் வராட்டி மேசை அழிஞ்சுபோயிடும் எண்ட பயத்தில புதுப் பதிப்பை எடுப்பிச்சன். முதல் நாளே கிழட்டு மாலுமி விழுந்தான். புதுப் புத்தகத்தில அந்தப் பக்கம் பளிச்செண்டு இருந்தது. நான் வாசிச்சன்: விழுந்தவன் தானே உருட்டித் தப்ப வேணும், இல்லாட்டிச் சாவு. நிசாம் உருட்டினார், சரிவரேல்லை. பாத்திரத் தாளை நாலாய் மடிச்சுச் சட்டைப் பையில வைச்சுக்கொண்டு பஸ்சுக்கு எழும்பினார். பேசாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் நான்.

அடுத்த சனி அவர் வரேல்லை. அதுக்கடுத்த சனியும் இல்லை. சுகந்தியும் தனிய இருந்து பாத்திட்டு வாறதை விட்டிட்டா. வெக்கத்தை விட்டு நிசாமுக்குப் போன் எடுத்தன். "பழையதுக்கே திரும்புவம், வாங்கோ. உங்கட ஆளை எழுப்புவம்" எண்டன்.

"ஏலாது அண்ணன். பழைய புத்தகத்தில எழுப்பினாலும், அவன் மௌத்தானது எனக்குத் தெரியுமே."

பழைய பதிப்பு நிலைக்குமோ எண்டு கேக்கிறவைக்குச் சொல்லுறன்: அது அலுமாரியில நல்லாத்தான் கிடக்கு, சனிக்கிழமையில நான்தான் கடையைப் பின்நேரமாக முன்னமே பூட்டுறன்.