மருந்து விடாத மூன்றாவது தட்டு

தொண்ணூறுகளின் கடைசியில், புனேயில், எலிக்குட்டிகளின் இதயச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பதுதான் என் உத்தியோகம். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலினை ஒரு சொட்டு விட்டால், செல்லுக்குள் புரோட்டீன் கைனேஸ் என்ற நொதி முடுக்கிவிடப்படும். செல் தறிகெட்டுத் துடிக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, இன்னொரு தட்டில் மருந்தே விடக் கூடாது.

அன்று என் ஆராய்ச்சியைத் தொடர விடலாமா என்று முடிவு செய்ய தில்லியிலிருந்து குழு வந்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு தட்டும் ஒரே வேகத்தில் துடிக்கின்றன. மகாமேதையான நான் உடனே டெக்னீஷியன் சுனந்தாமேல் பாய்ந்தேன்.

"ரெண்டுலயும் ஊத்திட்டியா? நாளையிலிருந்து நீ இந்த லேப்ல இல்ல."

சுனந்தா இந்தியில் மெதுவாகச் சொன்னாள்: "ஊத்தினது நீங்கதான் சார். பதற்றத்துல ரெண்டு தட்டுலயும் விட்டுட்டீங்க, பார்த்தேன். கமிட்டி வந்தாலே நீங்க இப்படித்தானே? அதான் மூணாவதா ஒண்ணு தயாரா வெச்சிருக்கேன்."

அந்தத் தட்டு நிதானமாகத் துடித்தது. குழு பாராட்டியது. பதற்றம் இதயத்தை என்ன பாடு படுத்தும் என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். அதில் சுனந்தாவின் பெயரைச் சொல்லவில்லை. பிறகு மன்னிப்பும் கேட்கவில்லை.

கத்தியதற்கு அட்ரினலினைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். பதற்றம் அடங்கிய பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அதற்கு எந்த ஹார்மோனைக் குற்றம் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.